கைராசிக்காரரும் கண் ஆஸ்பத்திரி சர்வரும்

விடிந்தும் விடியாததுமாகக் கண் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நெரியும். புரை விழுந்தவர்கள் ஒரு பக்கம், தூசி விழுந்தவர்கள் ஒரு பக்கம். ஆனால் வரிசையில் பாதிப் பேருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ஒருவர் கையில் செத்துப்போன செல்போன். ஒருவர் கக்கத்தில் டிவி ரிமோட். ஓர் அம்மாள் துணி துவைக்கும் மெஷினையே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வரிசையில் அதற்கும் ஓர் இடம் பிடித்திருந்தார். முன்னால் இருப்பவர் ஓர் அடி நகர்ந்தால் மெஷினும் ஓர் அடி நகரும். கேட்டால், "அதுக்குத்தானே உடம்பு சரியில்ல, அதுதான் வரிசையில நிக்கணும்" என்பார்.

எல்லாரும் காத்திருந்தது கைராசிக்காரருக்காக.

அவர் கை பட்டால் மெஷின் எழும் என்று பேச்சு. அவர் தொட்ட கடிகாரம் மற்றக் கடிகாரங்களுக்கு முன்னாலேயே மணி காட்டியதாம். அவர் தடவிக் கொடுத்த மின்விசிறி கரன்ட் இல்லாமலே சுற்றியதாம். 'ஜன்னல் திறந்திருந்ததா?' என்று கேட்ட ஓர் அப்பாவியை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார் என்று கேள்வி.

இவ்வளவு புகழுக்கும் மூலம் அந்த ஆஸ்பத்திரியின் சர்வர்.

சர்வர் என்றதும் தோளில் துண்டோடு காபி கொண்டுவருகிறவரை நினைத்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட அதே வேலைதான், ஆனால் ஆள் கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மேஜையிலிருந்தும் கேட்கிறவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் ஒரு புரோகிராம். டோக்கன் நம்பர், நோயாளியின் பழைய விவரம், இன்றைக்கு யார் யாருக்கு ஆபரேஷன், எல்லாம் அதன் வயிற்றில். அது எழுந்தால் ஆஸ்பத்திரி எழும். அது படுத்தால் ஆஸ்பத்திரியும் படுத்துவிடும்.

ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் கரன்ட் விஷயத்தில் ரொம்பக் கறார். மாலையானால் எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட வேண்டும். காலையில் சர்வர் பெட்டியைப் போடுகிற வேலை டோக்கன் அக்காவுடையது. வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் அவருக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கணக்குக்கு மட்டும் பயன்பட்டது.

தினமும் காலையில் நடக்கிற கூத்து இதுதான். மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் சர்வர் பெட்டி. அக்கா போய் பட்டனை அமுக்குவார். திரும்பி வந்து தன் மேஜைத் திரையைப் பார்ப்பார். 'சர்வரைக் காணவில்லை' என்று ஒரு வரி நிற்கும். காணாமல் போனது சர்வர்தான், ஆனால் கை கால் ஓடாமல் போவது மொத்தக் கட்டிடத்துக்கும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா!" என்று மாடிப்படியில் நின்று கத்துவார் பெரிய டாக்டர்.

அக்கா ஓடிப்போய் அணைத்துப் போடுவார்.

"இன்னும் வரலையா? மறுபடி ஆஃப் பண்ணு!"

அணைத்துப் போடுவார்.

"வயரைப் பிடுங்கிச் சொருகுங்க அக்கா, எங்க வீட்டு டிவி அப்படித்தான் வரும்!" என்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே கண்ணாடி விற்கிற கடைக்காரர் யோசனை சொல்வார்.

பிடுங்கிச் சொருகுவார். அந்தப் பெட்டி பாவம், ஒவ்வொரு தடவையும் கண்ணைக் கசக்கி எழ நினைக்கும்போது தலையில் ஓர் அடி விழும்.

ஒரு நாள் வரிசையில் நின்ற முதியவர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, ஒரு சர்வர் வரலைன்னா வேற சர்வரை வெச்சுக்க வேண்டியதுதானே? இவ்வளவு பெரிய எடத்துக்கு ஒரே சர்வரா?"

"அது ஆள் இல்ல பெரியவரே. கம்ப்யூட்டர்ல ஓடற புரோகிராம்."

"ஆள் இல்லையா? அப்புறம் தொட்டு எழுப்பறாங்கன்றீங்க, யாரைத் தொடறாங்க?"

அந்த வாசலில் அதுவரை கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். கேட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

கடைசியில் ஆள் அனுப்பிக் கைராசிக்காரரை வரவழைப்பார்கள். ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டோர் அறையில்தான் அவர் இருந்தார். அங்கே அவருக்குக் கட்டில், குளிர்சாதனம், வேளைக்குச் சாப்பாடு எல்லாம் ஆஸ்பத்திரிச் செலவு. வாசலில் நிற்கும் செல்போன்காரர்கள் வைத்துவிட்டுப் போகிற காணிக்கை தனி. ஒரு காலத்தில் இந்தப் புரோகிராமை விற்ற கம்பெனியில் வேலை பார்த்தவர். அதைப் பொருத்திக் கொடுக்க வந்தவர், கும்பிடுகிற கைகளைப் பார்த்ததும் கம்பெனி வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

அவர் வருகிற அழகே தனி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது கையில் எப்போதும் ஓர் உறை. வெயில் பட்டால் ராசி ஆவியாகிவிடுமாம். சர்வர் பெட்டிமேல் முழுக்க மூடி ஒரு பட்டுத் துணி போர்த்தியிருப்பார். கண்டவர் கண்ணும் படக்கூடாதாம். கண் ஆஸ்பத்திரியிலே கண் படாத பொருள் அது ஒன்றுதான். அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு கட்டளை போடுவார்.

"யாரும் எதையும் தொடக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது."

துணிக்கு அடியில் விரலை விட்டுத் தானே பட்டனை ஒருமுறை அமுக்குவார். உறையைக் கழற்றுவார், ஒவ்வொரு விரலாக. உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக் கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எடுப்பார். அது ஏறும், இறங்கும், சுற்றிவரும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முடிக்கிற இடத்தில் உடம்பு ஒரு தடவை உதறும். "எழு!" என்பார். வெளியே மேஜைத் திரையில் டோக்கன் நம்பர் பளிச்சென்று வந்து நிற்கும்.

கைதட்டல் காதைப் பிளக்கும். ஒரு முறை கண்ணில் மருந்து விட்டுக் கட்டுப் போட்டிருந்த ஒருவர்கூட, "ஆகா, என்ன ஒளி!" என்றார்.

ஆரம்பத்தில் இந்த முனகல் கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். பக்தி வளர வளர அதுவும் வளர்ந்தது. இப்போதெல்லாம் நிற்கிறவர்களுக்குக் கால் மரத்துப் போகும். யாரும் ஏனென்று கேட்கவில்லை. நேரம் கூடினால் சக்தி கூடியதாக அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

இத்தோடு கைராசிக்காரர் நின்றிருந்தால் டோக்கன் அக்காவும் மற்றவர்களைப்போலக் கைதட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். அவர் நிற்கவில்லை. அவருக்கு ஒரு மச்சினி இருந்தாள், மச்சினிக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

ஒரு நாள் முனகலை முடித்துவிட்டுப் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், நானும் சொல்லக் கூடாதுன்னுதான் பார்த்தேன். தினமும் இது ஏன் படுத்துக்குதுன்னு யோசிச்சீங்களா?"

"ஏன்?"

"முதல்ல யார் கை படுது?"

எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் டோக்கன் அக்கா பக்கம் திரும்பியது.

"இந்தம்மா நல்ல மனுஷி. குத்தம் சொல்லல. ஆனா கையில ராசி சுத்தமாக் கிடையாது. இவங்க அமுக்கினதும் பெட்டிக்குள்ள இருக்கறது பயந்து உள்ள போயிடுது. நான் தினம் தினம் அதைச் சமாதானப்படுத்தி வெளிய கூட்டிட்டு வரேன். எத்தனை நாளைக்கு? என் மச்சினி இருக்கா. என் கை பழகின வீட்டுப் பொண்ணு. அந்த நாற்காலியில உட்காரட்டும்."

பெரிய டாக்டர் நுணுக்கமான ஆபரேஷன்களில் கில்லாடி. கண்ணின் கருவிழிக்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல் போடுகிறவர். அப்படிப்பட்டவர் தாடையைத் தடவிக்கொண்டு, "அப்படியும் இருக்குமோ?" என்றார்.

செய்தி அக்காவுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏம்மா, வாஷிங் மெஷினை இனிமே நீ தொடாத" என்றார் மாமியார். "கம்ப்யூட்டரே படுத்துடுச்சாம். நம்ம வீட்டுது ஏற்கனவே இருமிக்கிட்டு இருக்கு."

"அப்போ யாரும்மா துவைக்கறது?" என்று கேட்டார் அக்காவின் வீட்டுக்காரர்.

"ஏன், உனக்கு ரெண்டு கை இருக்கில்ல?"

அந்தக் கணத்திலிருந்து கைராசி, சகுனம் போன்ற மூடநம்பிக்கைகள் அனைத்தையும் அவர் வன்மையாகக் கண்டிக்கத் தொடங்கினார்.

அக்காவும் சிரித்துத்தான் வைத்தார். ஆனால் அதே வாரம், பிள்ளை பெற்றிருந்த தங்கையைப் பார்க்கப் போனபோது குழந்தையை வாங்கக் கை நீட்டினார். தங்கை சிரித்தபடியே குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இப்பத்தான்க்கா தூங்குது" என்றாள். குழந்தை கண்ணை அகல விழித்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா வழியெல்லாம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நேற்றுவரை இருந்த அதே கைதான். ஆனால் பஸ் கம்பியைப் பிடிக்கவே கூசியது. பாதி வழியில் பஸ் பஞ்சரானது வேறு. டிரைவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். ஒரு பொய்யை ஊரே நம்பினால் கடைசியில் யாரைப் பற்றிய பொய்யோ அவருமே நம்பிவிடுகிறார். மோசடிக்காரனுக்கு அதைவிட மலிவான விளம்பரம் கிடைக்காது.

அந்தக் கட்டிடத்தில் கைதட்டாத ஆள் ஒருவர் இருந்தார். மயக்க டாக்டரம்மா. ஆபரேஷனுக்கு முன்னால் ஆட்களைத் தூங்கவைப்பது அவர் வேலை. எல்லாரையும் மயக்குகிறவர், ஆனால் அங்கே மயங்காதவரும் அவர்தான். ஆபரேஷன் பட்டியல் சர்வரில் இருந்ததால், தினமும் காலையில் கையுறையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இந்தக் கூத்து முடியக் காத்திருக்க வேண்டும். ஆளைத் தூங்கவைத்துவிட்டு அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் கவனித்து, அவருக்குச் சும்மா இருந்து பார்ப்பது கைவந்த கலை.

அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கைராசிக்காரர் இடது மணிக்கட்டில் கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். முனகல் உச்சத்துக்குப் போகும்போது ஒரு கண் மட்டும் கீற்றுப்போலத் திறந்து, அங்கே போய்விட்டு வந்தது.

'சக்தி வர்ற நேரத்துல இந்த ஆளுக்கு எதுக்கு மணி?'

அன்று மதியம் அக்கா ஒரு கோப்பைக் கொடுக்க மாடிக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு மனிதர் பக்கத்தில் அவர் மனைவி, "என்னங்க, என்னங்க" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முனகிக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

"பார்த்தீங்களா டாக்டர், என் குரல் கேட்டதும் எழுந்துட்டாரு! வீட்லயும் அப்படித்தான், என் குரல் கேட்டா எழுந்து ஓடிடுவாரு!"

டாக்டரம்மா சிரித்துவிட்டு அக்காவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு வந்தார். "அந்தம்மா கூப்பிடலைன்னா அவர் எழுந்திருக்க மாட்டாரா?"

"எழுந்திருப்பாரு. மருந்து தெளியணுமில்ல."

"அவர் கண்ணைத் தொறக்கப் போற நேரத்துல நான் மறுபடி ஊசி போட்டா?"

"மறுபடி தூங்குவாரு."

"மறுபடி மறுபடி போட்டா?"

"அய்யோ, அப்புறம் எப்படி டாக்டர் எழுந்திருப்பாரு?"

"உன் சர்வரை என்னைக்காவது அணைக்காம விட்டுப் பார்த்திருக்கியா?"

"பெரிய டாக்டர் கத்துவாரே. கண்ணாடிக் கடைக்காரர் வயரைப் பிடுங்கச் சொல்வாரே..."

"போட்டுட்டுச் சும்மா கையைக் கட்டிக்கிட்டு ஒரு தடவையாவது நின்னியா?"

"இல்ல. கைராசிக்காரர் வரும்போதுதான் எல்லாரும் சும்மா நிப்போம்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு நின்றார் அக்கா. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "ஒருவேளை நெஜமாவே என் கைதான் காரணமா இருந்தா?"

"இருந்தா நானே உன்னைப் போகச் சொல்றேன். நாளைக்குப் பார்த்துடலாம்."

நாளை என்பதற்குக் காரணம் இருந்தது. மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் அக்கா தன் கையால் சர்வரைப் போட வேண்டும், எழாவிட்டால் நாற்காலி மச்சினிக்கு என்று பெரிய டாக்டர் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மறுநாள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிமுடியாது. மச்சினி புதுப் புடவையோடும் ஒரு குஷனோடும் வந்திருந்தாள். குஷன், நாற்காலிக்கு. வாஷிங் மெஷின் அம்மாள் மெஷினோடு முதல் வரிசையில். மரத்தில், மதிலில், ஆம்புலன்ஸ் கூரையில் எல்லாம் ஆட்கள். கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி எழுத்தே தெரியாதவர்கள்கூட, இது தெரியும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

அக்கா அறைக்குள் போனார். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அதைவிட, இந்தக் கையை வெட்டியா போட முடியும்? ஆயுசுக்கும் கூடவே வருமே. பட்டுத் துணிக்கு அடியில் பட்டனைத் தேடி அமுக்கினார்.

வெளியே திரையில் வழக்கமான வரி. 'சர்வரைக் காணவில்லை.'

"பார்த்தீங்களா!" என்றார் கைராசிக்காரர். "போதும். ஆஃப் பண்ணுங்க. நான் போடறேன்."

அக்காவின் கை தானாகப் பட்டன் பக்கம் போயிற்று.

"தொடாதே!" என்றார் டாக்டரம்மா. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அறை வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார். "நீங்க எழுப்பும்போது என்ன சட்டம்? யாரும் எதையும் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. இந்தம்மாவுக்கும் அதே சட்டம்தான். என்ன டாக்டர்?"

பெரிய டாக்டர், "நியாயந்தான்" என்றார். நியாயம் என்ற சொல்லை அவர் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் உபயோகித்தார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேரம் போனது. கூட்டம் நெளிந்தது.

"அணைச்சுப் போடுங்க அக்கா" என்று முனகினார் கண்ணாடிக் கடைக்காரர்.

"வாய்!" என்றார் டாக்டரம்மா.

கைராசிக்காரருக்கு நெற்றியில் வியர்வை. "டாக்டர், ராசியில்லாத கை பட்ட பெட்டி, இப்படியே விட்டா எரிஞ்சு போயிடும். புகை வாசம் வருது பாருங்க."

உடனே பத்துப் பேருக்குப் புகை வாசம் வந்தது. ஒருவர் இருமவே தொடங்கினார்.

"ஏன் பதறுறீங்க? நீங்க தினமும் முனகற நேரம் இன்னும் ஆகல" என்றார் டாக்டரம்மா. "வேணும்னா உங்க கைக்கடிகாரத்தைப் பாருங்க."

அவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் கொண்டுபோய் மறைப்பதற்கும், வெளியே மேஜைத் திரை பளிச்சென்று மாறுவதற்கும் சரியாக இருந்தது.

டோக்கன் நம்பர்!

ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டுவதற்கு யார் தொட்டார்கள் என்று தெரிய வேண்டுமே. யாரும் தொடவில்லை. அக்கா கட்டிய கையைப் பிரிக்கக்கூட மறந்து நின்றார்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் கைராசிக்காரர்தான். அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தீங்களா ஜனங்களே! நான் பக்கத்துல வந்து நின்னாலே போதும்! தொடக்கூடத் தேவையில்ல! என் சக்தி அவ்வளவு வளர்ந்துடுச்சு!"

"ஆகா!" என்று கூட்டம் பொங்கியது. வாஷிங் மெஷின் அம்மாள் மெஷினை இன்னும் ஓர் அடி முன்னால் தள்ளினார். மச்சினி குஷனைத் தட்டிப் புஸ்ஸென்று ஆக்கினாள்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஆளைத் தூங்கவைக்கும்போது பேசுவதைப்போல மெதுவாகப் பேசினார்.

"அவ்வளவு சக்தியா! அப்போ சந்தேகமே இல்லாம ஒரு தடவை காட்டிடுங்க. மறுபடி அணைக்கறோம். நீங்களே தொட்டு எழுப்புங்க. எழுந்ததும் எங்களுக்கு உள்ள இருந்தே சொல்லணும், திரையைப் பார்க்காம."

"அதென்ன பெரிய விஷயம்? என் கைக்கே தெரியும் அது எழுந்தது."

பெட்டியை அணைத்தார்கள். அவர் உறையைக் கழற்றினார். துணிக்கு அடியில் விரல்விட்டுப் பட்டனை அமுக்கினார், கண்ணை மூடினார். முனகல் கிளம்பியது. அன்றைக்கு அதில் ஒரு தனி உருக்கம் இருந்தது. கடைசி அத்தியாயம் என்று தொண்டைக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஏதோ செய்துவிட்டு நிமிர்ந்தார். அந்த அறைக் குளிர்சாதனம் இரைந்த இரைச்சலில் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று யாருக்குக் கேட்கும்? பட்டுத் துணி போர்த்தியிருந்ததில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

முனகல் ஏறியது. இறங்கியது. சுற்றிவந்தது. ஒரு கண் கீற்றாகத் திறந்து மணிக்கட்டுக்குப் போய்விட்டு வந்தது. உடம்பு உதறியது.

"எழு! எழுந்தாச்சு! என் உள்ளங்கையில துடிக்குது பாருங்க! போய் டோக்கன் போடுங்க!"

கைதட்டல் இடியாக இறங்கியது.

"எங்க எழுந்துச்சு?" என்றார் மேஜைத் திரை பக்கமிருந்த கண்ணாடிக் கடைக்காரர். "இங்க இன்னும் காணவில்லைன்னுதான் போட்டிருக்கு."

"கொஞ்சம் இருங்க, அங்க வர நேரம் ஆகும். இங்க துடிக்குது, நான் சொல்றேன்ல!"

டாக்டரம்மா கையை உயர்த்தினார். அதில் சர்வர் பெட்டியின் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் பிளக்.

"இதைப் பிடுங்கி எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? உங்க கையில துடிக்கறது என்னன்னு வேணா நான் நாடி பிடிச்சுச் சொல்றேன்."

பெரிய டாக்டர் முன்னால் வந்து பட்டுத் துணியை இழுத்தார். பெட்டி இருட்டாக, ஜில்லென்று, பொணம் மாதிரி நின்றது.

"கம்பெனிக்கு போன் போடுங்க" என்றார் டாக்டரம்மா. இத்தனை மாதமாக அந்த யோசனை ஒருத்தருக்கும் வரவில்லை. போன் நம்பர் பெட்டியின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது. துணி மறைத்திருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு பெண் கொட்டாவி கலந்த குரலில் பேசினாள். "தினமும் லேட்டா வருதா சார்? செட்டிங்ல 'கம்ப்யூட்டர் எழுந்ததும் தானே தொடங்கு'ன்னு ஒண்ணு இருக்கும். அதுக்குக் கீழ 'தாமதமாகத் தானே தொடங்கு'ன்னு இன்னொண்ணு. உங்களது ரெண்டாவதுல இருக்கும். எவ்வளவு தாமதம்னு பக்கத்துல நேரமும் இருக்கும், பாருங்க."

வயரைச் சொருகிப் பெட்டியைப் போட்டு, அக்காதான் செட்டிங்கைத் திறந்து பார்த்தார். இருந்தது. அதில் இருந்த நேரம் ஒரு முனகல் நீளம்.

"யாரோ வேணும்னே கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வெச்சிருக்காங்க" என்றாள் போன் பெண். "நடுவுல அணைச்சா மறுபடி முதல்லருந்து காத்திருக்கும், அதனால அணைக்காதீங்க. வேற ஏதாவது இருக்கா சார்?"

வேறு எதுவும் இல்லை.

எல்லாரும் கைராசிக்காரரைப் பார்த்தார்கள். அவர் உறையை மாட்டிக்கொண்டிருந்தார், இடது கையில்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார், அழாத குறையாக. "முதல் நாள் பெட்டி சூடாயிருக்கான்னு சும்மா தொட்டுப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு அது எழுந்துடுச்சு. நீங்க கும்பிட்டீங்க. நான் ராசிக்காரன்னு நானா சொன்னேன்? நீங்கதானே சொன்னீங்க!"

"தாமதத்தை ஏத்தினது?"

"நீங்கதானே, இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சுடுச்சேன்னு வருத்தப்பட்டீங்க!"

"இந்தம்மா கையில ராசி இல்லைன்னது?"

அவர் மச்சினியின் குஷனைப் பார்த்தார். மச்சினி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இவர் யாரென்றே தெரியாதவளைப்போல ஆட்டோ தேடிப் போய்க்கொண்டிருந்தாள். கூட்டம் கைராசிக்காரரை அன்று ஒன்றும் செய்துவிடவில்லை. வாங்கிய காணிக்கையைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்டார்கள். அவர் ஓடிய வேகத்தைப் பார்த்தால் அந்தக் கால்களுக்குத்தான் நல்ல ராசி என்று தோன்றியது. துரத்திப் போனவர்களில், கரன்ட் இல்லாமல் சுற்றிய மின்விசிறியின் சொந்தக்காரரும் ஒருவர்.

அக்கா செட்டிங்கை முதல் வரிக்கு மாற்றினார். பெட்டியை அணைத்தார். அதே கையால் போட்டார். கம்ப்யூட்டர் எழுந்தது, கூடவே சர்வரும் எழுந்தது. முனகல் இல்லை, உதறல் இல்லை. அக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மனுஷ ஜாதி விடுமா?

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கூட்டத்தை முண்டிக்கொண்டு வந்து, மேஜைமேல் தன் செல்போனைப் பணிவாக வைத்தார். அவர் பின்னால் வாஷிங் மெஷின் உருண்டு வருகிற சத்தம். அதன் பின்னால் மொத்த வரிசையும்.

"அக்கா, தப்பா நெனச்சுட்டோம். உங்க கையிலதான் அசல் ராசி. கையைக் கட்டிக்கிட்டு நின்னே எழுப்பிட்டீங்களே! இது ரெண்டு நாளா எழுந்திருக்கல. ஒரே ஒரு தடவை தொட்டுக் கொடுங்க."

அக்கா போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சார்ஜ் போட்டீங்களா அண்ணே?"

"இல்லையே. போடணுமா?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை முகத்தையும் பார்த்தார். போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அண்ணே, கண்ணைத் தொறந்துவிட இந்தக் கட்டிடத்துல எத்தனையோ டாக்டருங்க இருக்காங்க. கண்ணுக்குப் பின்னால இருக்கறதை நீங்களாத்தான் தொறந்துக்கணும். அதுக்கு இங்க டோக்கன் கிடையாது."